மங்கல் பக்கம்

மூடிக் கிடந்த ஒரு தியேட்டரை இடித்தவர்கள், மாடிப்படிக்கு அடியில் கிடைத்த பதினோரு தகர டப்பாக்களை எங்கள் திரைப்படக் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பத்தில் துருவும் எலிப்புழுக்கையும்தான். பதினோராவதில் ஒரு படச்சுருள், நேற்றுச் சுற்றி வைத்ததுபோல இருந்தது. பெயர்ச்சீட்டு இல்லை. மூடியைத் திறந்தால் பழைய சுருளின் புளித்த நெடி மூக்கைத் தாக்க வேண்டும். அதற்குப் பதில், தலைக்குக் குளித்துவிட்டு வந்த யாரோ ஒருவரின் ஈர முடி வாசம் வந்தது.

சுருள்களைக் கணினியில் ஏற்றும் அறையில் நாங்கள் இரண்டு பேர். நான் முன்பு தியேட்டர் ஆபரேட்டர். கனத்த கண்ணாடி போடுவதால் அலுவலகம் முழுக்க எனக்குச் 'சோடாபுட்டி' என்றே பெயர். அவள் சுருளைத் துடைத்து, அறுந்த இடத்தை ஒட்டுபவள். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்த தழும்பு வலது புருவத்தில் உண்டு. நான்கு மணியானால் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அரக்கப்பரக்க ஓடுவாள். அந்தக் குழந்தைக்கு அவளை விட்டால் யாருமில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குச் சுருளை ஓட்டினோம்.

ஒரு படிக்கட்டு. ஒரு பெண் இறங்குகிறாள். இறங்க இறங்க மேல்மாடிக்கே வந்து சேர்கிறாள். கதவைத் திறக்கிறாள். உள்ளே நாற்காலியில், முதுகைக் காட்டியபடி, அவளே உட்கார்ந்திருக்கிறாள். கனவில் எதுவும் விபரீதமாகத் தோன்றாதே, அப்படி எங்களுக்கும் தோன்றவில்லை.

அந்த அறையின் சுவர்க் கடிகாரத்தில் எண்கள் இடவலம் மாறித் தெரிந்தன.

"சுருளைத் திருப்பி மாட்டிட்டியே, தங்கச்சி."

"இல்லண்ணே. மங்கல் பக்கம் பார்த்துத்தான் மாட்டினேன்."

படச்சுருளுக்கு ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மாற்றி மாட்டினால் படத்தில் இடது வலதாகிவிடும். எங்கள் தொழிலில் முதல் நாள் பாடமே அதுதான்.

"முப்பது வருஷம் ஓட்டினவன்கிட்டயே கதை விடுறியா? புரட்டிப் போடு."

"முதல்ல அந்தச் சோடாபுட்டியைக் கழுவுங்கண்ணே," என்று சிரித்தபடி புரட்டி மாட்டினாள்.

அவள் முதலிலேயே சரியாகத்தான் மாட்டியிருந்தாள். சுருளுக்குள் இருந்த உலகமே இடவலம் மாறியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது எண்கள் நேராகிவிட்டன. படத்தில் மணி மூன்று இருபது.

எங்கள் சுவரிலும் மூன்று இருபது.

நாற்காலியில் இருந்தவள் மெல்லத் திரும்பினாள்.

இவள் முகம். இவள் தழும்பு. அதே வலது புருவம்.

"அண்ணே, நிறுத்துங்க," என்று முணுமுணுத்தாள். "அது என்னையத்தான் பார்க்குது."

விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது. சுருள் அறுந்து படபடவென்று அடித்தது. ஈர முடி வாசம் அறை முழுக்கப் பரவியது.

பக்கத்தில் இருந்தவள் எழுந்து, இடது கையால் பையை எடுத்துக்கொண்டாள்.

"நான் போறேன்," என்றாள்.

ஆறு வருடத்தில் ஒருநாளும் "வரேண்ணே" என்று சொல்லாமல் போனவளில்லை.

தழும்பு இடது புருவத்தில் இருந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை. குழந்தையையும் கூட்டி வந்திருந்தாள். அது என் நாற்காலிக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டது.

"சோடா மாமா, எங்கம்மா எப்ப வருவாங்க?"

"அதோ, கதவுகிட்ட நிக்கிறாங்களே."

குழந்தை என் காதருகே வந்தது. "அது வலிக்காமத் தலை பின்னுது. அம்மா பின்னினா வலிக்கும்."

கதவருகே நின்றவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைக்கவில்லை.

அறுந்த சுருளை ஒட்டி, மங்கல் பக்கம் பார்த்து முறையாக மாட்டி ஓட்டினேன். கடிகாரத்தின் எண்கள் மறுபடி இடவலம் மாறியிருந்தன. நாற்காலியில் அவள், வலது புருவத் தழும்போடு, அழுது வீங்கிய கண்களோடு. சத்தமில்லாத படம். உதடுகளைப் பார்த்தே புரிந்தது.

புரட்டுங்கண்ணே.

அவளுக்குப் பின்னால் கதவு திறந்தது. கனத்த கண்ணாடி போட்ட ஒருவன் உள்ளே வந்து நின்றான். எனக்குச் சட்டைப்பை இடப்பக்கம். அவனுக்கு வலப்பக்கம். அவனுக்கு அவசரமே இல்லை.

புரட்டினால் அவள் வருவாள். அவனும் வருவான். இங்கே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒருவர் அங்கே போக வேண்டும்.

குழந்தை என் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

புரட்டினேன். விளக்கு கண்சிமிட்டியது.

கதவருகே யாருமில்லை. அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, குழந்தையின் சடையைப் பிரித்து இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள். "வலிக்குதும்மா!" என்று அது கத்தியது; கத்திக்கொண்டே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு நிம்மதி கண்டதில்லை.

நடந்ததை எழுதி வைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். வழக்கம்போல, வலப்பக்கச் சட்டைப்பையிலிருந்துதான்.

அதற்கு ஏன் அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்?