கதவிடுக்கிலிருந்து எடுத்த ஷாட்டுகள்

வண்டியிலிருந்து இறங்கி அந்த வீட்டை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்த டைட்டில் மேடம் உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுவா? இதுக்கா அந்த டைரக்டர் அப்படி அலட்டிக்கிட்டான்?"

நல்ல வெயில். ஈரம் ஏறி உப்பிப்போன சுவர்கள். ஜன்னல் கம்பியில் துரு. பேய் இருக்கும் என்று நினைப்பதற்குக்கூட லாயக்கில்லாத வீடு என்று அவளுக்குத் தோன்றியது.

படம் ஆரம்பிக்கும்போது பெயர்கள் ஓடுமே, அந்தச் சில நிமிடங்களைத் தயாரிப்பதுதான் அவள் வேலை. திகில் படம் எடுக்கிறவர்கள் முதலில் தேடி வருவது அவளைத்தான். அவள் வேலையை எல்லோருக்கும் பிடிக்கும். அவளை யாருக்கும் பிடிக்காது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை. டைரக்டர்கள் மடையர்கள், நடிகர்கள் மரக்கட்டைகள், படம் பார்க்கிறவர்கள் ஆட்டுமந்தை என்பது அவள் கட்சி.

பின்னாலேயே கேமராப் பெட்டியைச் சுமந்துகொண்டு அவள் தம்பி வந்தான். அவனும் பல வருடங்களாக அவளோடுதான் வேலை செய்கிறான். யாரிடமாவது அறிமுகப்படுத்தும்போது, "இவன் என் தம்பி. கேமராவைப் பிடிச்சுக்குவான்" என்பாள். கேமராமேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கதவைத் திறந்த வீட்டுக்காரம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். தோள்கள் இரண்டும் காதை முட்டுகிற மாதிரி ஒடுங்கி, தரைக்கு வலிக்குமோ என்பதுபோல நடந்தாள். உள்ளே அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, பல நாள் மூடிவைத்த வாயின் வாசனை.

"எந்த ரூம்ல வேணாலும் எடுத்துக்குங்கம்மா. அந்தக் கடைசி ரூம் மட்டும் வேணாம்."

கூடத்தின் கோடியில் ஒரு கதவு. நிலைக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த இடுக்கு முழுவதும், மேலிருந்து கீழ்வரை, பழந்துணியைக் கிழித்துத் திணித்திருந்தது.

"இது என்ன?"

"எங்க அக்கா ரூம். போய்ச் சேர்ந்துட்டா." வீட்டுக்காரம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "உசிரோட இருந்தப்பவே வெளியே வரமாட்டா. கதவை லேசா ஒருக்களிச்சு வச்சுக்கிட்டு, இடுக்கு வழியா பாத்துக்கிட்டே இருப்பா. நான் சாப்பிடறது, தலை சீவறது, வர்றவங்க போட்டிருக்கிற செருப்பு... எல்லாத்துலயும் ஒரு குறை அவ கண்ணுக்குத் தெரியும். திட்டமாட்டா. 'ச்சு'ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

"இப்பத்தான் போயிட்டாங்களே, அப்புறம் எதுக்குத் துணி?"

"இப்பவும் பாக்கறா."

டைட்டில் மேடம் தம்பியின் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள். "வசனம் எழுதிக் குடுத்த மாதிரி பேசுது பாரு."

ஆனால் அந்த இடுக்கு அவளை விடவில்லை. டீ போடச் சொல்லி வீட்டுக்காரம்மாளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, கதவருகே போய் நின்றாள்.

"கேட்டுக்கோ. முழுக் கதவையும் காட்டினா அது வெறும் கதவு. இடுக்கை மட்டும் காட்டினா, உள்ளே யாரோ இருக்காங்க. டைட்டில்ல எதையும் முழுசா காட்டக்கூடாது. ஒரு நகம், ஒரு முடி, கழுத்துல ஒரு மரு. பாக்கறவனே மிச்சத்தைத் தயார் பண்ணிக்குவான், மூளைன்னு ஒண்ணு இருந்தா."

"அக்கா, அவங்கதான் வேணாம்னாங்களே."

"நீ கேமராவைப் பிடி."

துணியின் நுனியைப் பற்றி இழுத்தாள். புண்ணிலிருந்து கட்டுப் பிரிகிற மாதிரி அது நீளநீளமாக உருவிக்கொண்டு வந்தது. இடுக்கிலிருந்து குளிர்ந்த காற்று ஒரு கோடு போட்டாற்போல அவள் விரல் முட்டிகளைத் தொட்டுப் போனது.

உள்ளே ஒரு கட்டில். கதவை ஒட்டி இழுத்துப் போட்ட ஒரு நாற்காலி. அதன் எதிரே, இரண்டு பாதங்கள் வைக்கிற இடத்தில், தரை தேய்ந்து பளபளத்தது.

வெளியிலிருந்து இடுக்கைப் படமெடுத்தார்கள். பிறகு அந்த நாற்காலியிலேயே தம்பியை உட்காரவைத்து, இடுக்கு வழியாகக் கூடத்தைப் படமெடுத்தார்கள். டீயோடு வந்த வீட்டுக்காரம்மாள் தரையில் கிடந்த துணியைப் பார்த்தாள். கோப்பை தட்டில் கடகடத்தது. வெகுநேரம் இடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்காகவோ அவள் தோள்கள் மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கின.



*

மறுநாள் காலை எடிட்டிங் அறையில் உட்கார்ந்து எடுத்ததையெல்லாம் பார்த்தாள். ஜன்னலே இல்லாத சின்ன அறை. சுவர் முழுக்கக் கறுப்புத் திரை. வெளியே பகலா இரவா என்று தெரியாது.

தம்பி எடுத்த ஷாட்டுகளை வழக்கம்போலத் திட்டிக்கொண்டே தள்ளினாள். "இதுக்கு ஒரு கேமரா வேற. போஸ்ட் மரத்துல கட்டிவிட்டிருந்தாலும் இதைவிட நல்லா வந்திருக்கும்."

அப்போது அது வந்தது.

திரை நிறைய ஒரு கட்டைவிரல். இரு பக்கமும் இருட்டு, நடுவே ஒரு நீளக் கீற்றில் அந்த விரல். நகம் கறுத்து, நடுவில் பிளந்திருந்தது. பிளவுக்குள் அழுக்கு. ஷாட் அசையவே இல்லை. போதும், போதும் என்று பார்க்கிறவருக்குத் தோன்றியபிறகும் இன்னும் ஒரு மூச்சு அளவுக்கு அங்கேயே நின்றது.

அது தம்பியின் விரல். கேமராவைத் திருகிக்கொண்டிருந்தது. இருந்ததே ஒரே கேமராதான். அதுவும் அவன் கையில்.

அடுத்து, அவன் சட்டைக் காலரில் படிந்த வியர்வைக் கறை. அடுத்து, காலுறையில் கோணல்மாணலாகத் தைத்த ஓட்டை. காதுமடலுக்குப் பின்னால் சரியாகத் தேய்த்துக் குளிக்காத இடம்.

அவளுக்குப் பயம் வரவில்லை. பொறாமை வந்தது.

தம்பியைக் கூப்பிட்டாள். "இதை நீ எடுத்தியா?"

திரையைப் பார்த்த அவன் முகம் வெளுத்தது. "என் விரலை நானே எப்படிக்கா எடுப்பேன்? ரெண்டு கையும் கேமராலதானே இருந்துச்சு?"

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு தலையசைத்தாள். "ஆமா. நீ எடுத்திருக்க மாட்டே. இந்த அளவுக்கெல்லாம் உனக்கு வராது."

அது அவன் வேலை இல்லை என்று நிரூபிக்க அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"அழிச்சிடலாம்க்கா. ப்ளீஸ்."

"அழிக்கவா? இவ்வளவு நாள்ல என் மேஜைக்கு வந்ததுலயே இதுதான் உருப்படி."

அன்றே அவற்றைக் கோத்தாள். பிளந்த நகத்தின் மேல் கதாநாயகன் பெயர், ஒல்லியான எழுத்தில், மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவர் போல லேசாக நடுங்கும்படி. பிறகு வெறும் கறுப்பு. அடுத்த படம் வருவதற்குச் சற்று முன்பாகவே மரக்கதவு கிறீச்சிடுகிற சத்தம். சத்தம் முதலில் வரவேண்டும். கண் அதைத் தேடி இருட்டில் அலைய வேண்டும். அதற்குப் பிறகுதான் படம்.

டைரக்டர் வந்து பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்த பிடியை அவர் கடைசிவரை விடவில்லை.

"மேடம்... யாரோ நம்மளை அருவருப்பா பாக்கற மாதிரியே இருக்கு."

"அதுக்குப் பேர்தான் டைட்டில். இன்னும் கொஞ்சம் ஷாட் சேரணும், அப்புறம் தர்றேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். இந்த மண்டைக்குள்ளேகூட இறங்கியிருக்கிறதே என்று அவளுக்கு உள்ளூரச் சிரிப்பு.

ஷாட்டுகளும் சேர்ந்தன. கேமரா பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்று இருந்தது. தம்பி ரொட்டி தின்கிறான். தாடையில் ஒட்டியிருக்கும் துணுக்கு. தம்பி கொட்டாவி விடுகிறான், சொத்தைப்பல்.

"அக்கா..." தம்பி திரையைச் சுட்டினான். "பின்னால தெரியுதே, நம்ம கறுப்புத் திரை. இது அந்த வீடு இல்ல. இந்த ரூம். இந்தக் கதவிடுக்கு."

"தெரியுது."

"தெரியுதா? தெரிஞ்சுமா உக்காந்திருக்கே?"

"பயந்தாங்கொள்ளி. உன்னைப் பாக்குது, அவ்வளவுதானே? கடிச்சா தின்னுது? இன்னும் நாலு ஷாட் கிடைச்சா வேலை முடிஞ்சுது. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவன் மேஜையிலிருந்த தன் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"நான் பயந்தது அதுக்கு இல்லக்கா. அந்த ஷாட்டையெல்லாம் பாக்கும்போது எனக்குப் புதுசாவே தெரியல. இத்தனை வருஷமா நீ என்னை அப்படித்தான் பாத்துக்கிட்டிருக்கே."

போய்விட்டான். இரண்டு நாளில் வேறு ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று காதில் விழுந்தது. "யாரு இவனை வச்சுக்கிட்டு மாரடிக்கிறது, பாவம்" என்றாள் அவள்.

அடுத்த நாள் காலை கம்ப்யூட்டரை ஆவலோடு திறந்தாள்.

ஒரு தலை. பின்னாலிருந்து, மிக அருகில். சாயம் வெளுத்து, வகிடு அகன்று, உச்சியில் மண்டைத்தோல் மினுங்கியது. எந்த அசிங்கம் பிடித்தவளுடைய தலை இது என்று அவள் முகத்தைச் சுளித்தாள்.

பிறகுதான் அந்தத் தலையிலிருந்த மஞ்சள் கிளிப்பைப் பார்த்தாள்.

கை தானாகப் பின்னால் போனது.

கிளிப் தட்டுப்பட்டது.

மெல்லத் திரும்பினாள். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. எழுந்துபோய் அறைந்து சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். நெற்றியைக் கதவில் சாய்த்து நின்று மூச்சு வாங்கினாள்.

"ச்சு."

கதவுக்கு அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம்.

*

அதன்பிறகு வந்த ஷாட்டுகள் எல்லாமே அவளுடையவைதாம். கழுத்தில் மடிந்து தொங்கும் சதை. உதட்டு வெடிப்புக்குள் திட்டுத்திட்டாக உதட்டுச்சாயம். தாடைக்கு அடியில் அவள் பிடுங்க மறந்த ஒற்றை முடி. ஊரையே எடைபோட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. மென்றால் தாடை எப்படி அசைகிறதோ என்று இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றாள்.

கதவிடுக்கில் கறுப்பு டேப் ஒட்டினாள். அடுத்த ஷாட் திரைச்சீலையின் இடைவெளியிலிருந்து வந்தது. திரையை ஊசி நூல் கொண்டு தைத்தாள். அலமாரிக் கதவின் இடுக்கிலிருந்து வந்தது. அலமாரியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

ஒன்றும் முடியாமல் மேஜையில் முழங்கை ஊன்றி, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் வந்த ஷாட்டில் ஒரு கண். சிவந்து, பீளை கட்டி, இமை ஓரம் ஈரமாக. இரண்டு பக்கமும் மங்கலாக, சதை நிறத்தில் இரு சுவர்கள்.

அவை அவள் விரல்கள்.

அன்று நடுப்பகலில் அந்த வீட்டுக்கு வண்டியை விரட்டினாள். கதவைத் திறந்தவளை முதலில் அடையாளமே தெரியவில்லை. வீட்டுக்காரம்மாள் நிமிர்ந்து நின்றாள். தோள்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கடைசி அறையின் கதவு விரியத் திறந்து, கட்டில் மேல் வெயில் விழுந்திருந்தது.

"அம்மா, உங்க அக்காவைத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"அப்ப, உங்கிட்டத்தான் இருக்காளா?" வீட்டுக்காரம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இரக்கம் இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதி இருந்தது. "துணியை எடுத்தா போயிடுவான்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நானே என்னிக்கோ எடுத்திருப்பேன். ஆனா எத்தனையோ பேர் வந்து போனாங்க, அவ யார்கூடவும் போனதில்ல. உன்கூடத்தான் போயிருக்கா."

"நான் என்ன பண்ணட்டும்?"

"எனக்குத் தெரியலம்மா. நான் இப்பத்தான் வயிறார ஒரு வேளை சாப்பிடறேன். தப்பா நினைக்காதே, உள்ளே வராதே. நீ வந்தா அவளும் வருவா."

வாசற்கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து துணியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, கதவிடுக்கில் அதை அவசர அவசரமாகத் திணிக்கிற சத்தம்.

வண்டியில் உட்கார்ந்து தம்பிக்கு போன் செய்தாள். அவன் உடனே எடுத்தான்.

"என்னக்கா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? வரட்டுமா?"

வா என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வந்துவிடுவான். வந்தால் அந்தப் பார்வை மறுபடியும் அவன் மேல் திரும்பும்.

"வேணாம்டா. நீ அங்கேயே இரு. இந்தப் பக்கமே வராதே." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நீ... நல்லாத்தான் எடுப்பே. எப்பவுமே நல்லாத்தான் எடுத்தே. நான்தான் சொல்லல."

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை.

இந்தப் பக்கம், அவள் காதருகே, ஈரமான நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிகிற சின்னச் சத்தம்.

"ச்சு."

வேறு எங்கே போவாள்? எடிட்டிங் அறைக்கே திரும்பினாள். விளக்கைப் போட்டாள். கம்ப்யூட்டரில் புதிய ஷாட் ஒன்று காத்திருந்தது. இதுவரை வந்ததெல்லாம் துண்டு துண்டாக வந்தது. இதில் அவள் முகம் முழுதாக இருந்தது, நேருக்கு நேர். பின்னால் அவள் தைத்த திரைச்சீலை. அவள் தலையைச் சாய்த்தாள். அந்த முகமும் சாய்ந்தது. அவள் அருகே போனாள். அதுவும் அருகே வந்தது. ஷாட்டின் நீளத்தைக் காட்டும் எண் முடியாமல் ஏறிக்கொண்டே இருந்தது.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தது.

கம்ப்யூட்டர் திரையின் ஓரத்திலிருந்து ஒரு விரல் நுனி உள்ளே வந்தது. பெரிதாக, வெளுத்து, நகம் ஒழுங்காக வெட்டப்பட்டு. அவசரமே இல்லாமல் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்து, மங்கலைத் துடைத்தது. அந்தக் கீற்றில் மட்டும் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது.

அவள் கையை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் பக்கத்துத் தூசி கலையாமல் அப்படியே இருந்தது. அந்த விரல் துடைத்தது உள்பக்கத்தை.