கழுத்துக்கு வந்த மாலை

நிலாணியின் அப்பா காணாமற்போய் மூன்று வருடமாகிவிட்டது. இலங்கையில் சண்டை நடந்தபோது சைக்கிளில் வெளியே போனவர், திரும்பி வரவில்லை. வெளிநாட்டுக்கு வந்து அம்மாவும் அவளும் குடியேறிய வோபர்ன் பகுதி வீட்டில் அவருடைய படம்தான் இருந்தது.

"எவ்வளவு காலத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கப் போறாய், குணவதி? படத்துக்கு மாலையைப் போட்டு, செய்ய வேண்டியதைச் செய்" என்று நவரட்ணம் மாமா நேற்றும் அம்மாவிடம் சொன்னார்.

அம்மா படத்தின் தூசியை மட்டும் துடைத்தார். மாலை போட்டால் அப்பா இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இன்று சனிக்கிழமை. விடாத மழை. அம்மா துப்புரவு வேலை செய்யும் பல்கலைக்கழக நூலகத்துக்கு நிலாணியும் வந்திருந்தாள். நாளை அதற்குப் புதுப் பெயர் வைக்கப்போகிறார்கள். பூர்வகுடி மக்களின் நிலத்துக்காக நாற்பது வருடம் வழக்காடிய ஜோசப் என்பவரின் பெயர். வாசலில் அவருடைய பெரிய படம் இருந்தது.

இவ்வளவு பெரிய படமென்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நிலாணி முடிவு கட்டிவிட்டாள். பாவம், ஒரு பூக்கூட இல்லை.

கணினி வந்ததால் எறியப்பட்ட, புத்தகப் பெயர்கள் அச்சிட்ட பழைய பட்டியல் அட்டைகள் குப்பைப் பெட்டியில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துளை. அவற்றை நூலில் கோத்துப் படத்துக்கு மாலையாகப் போட்டாள்.

"எங்கள் அப்பாவுக்கா? அழகாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னார், அங்கே வேலை செய்யும் ஜோசப்பின் மகள் பேர்ணடெற். "இப்போது வந்துவிடுவார். காட்டலாம்."

"அவர் உயிரோடா இருக்கிறார்?"

"நிலம் திரும்பக் கிடைக்கும்வரை சாக நேரமில்லையாம்."

நிலாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா சொன்னதை, உயிரோடிருக்கும் ஒருவரின் படத்துக்கு அவளே செய்துவிட்டாள். அவசரமாக மாலையைக் கழற்றினாள்.

"எங்கள் வீடுகளில் இறந்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவோம்" என்றாள் அழுதுகொண்டே. "மன்னித்துக்கொள்ளுங்கள்."

பேர்ணடெற் கோபிக்கவில்லை. "அப்படியானால் திரும்பக் குப்பையில் போட்டுவிடவா?"

நிலாணி யோசித்தாள். "வேண்டாம். உயிரோடு இருப்பவர்களுக்குக் கழுத்தில் போடுவோம்."

சக்கர நாற்காலியில் வந்த முதியவர் ஜோசப் மாலைக்குக் கழுத்தை நீட்டினார். பிறகு ஓர் அட்டையைத் தூக்கி வாசித்தார். "கோழி வளர்ப்பு. நல்லது, நிலம் கிடைத்ததும் தேவைப்படும்."

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றார்.

பஸ்சுக்குக் காத்திருந்தபோது நிலாணி கேட்டாள். "அம்மா, அப்பா வந்தா எயார்போட்டிலயே மாலை போடுவமா?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. கழுத்திலதான் போடுவம். மாமாவுக்கு இண்டைக்கு நானே சொல்லுறன்."