ஒன்பது மணிக் கையெழுத்து

டிர்ர்ரிங்...!

காலை ஐந்தரை. தவளக்குப்பம் ஸ்டேஷனில் போன் அலறியது.

"சார்! கடலூர் ரோட்டோரம் ஒரு பொண்ணு கெடக்குது சார்... அசைவே இல்ல!"

இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணி பாதி டீயை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வாய்க்கால் சரிவில் பிணமாகக் கிடந்தாள். பத்தொன்பது வயது. புது மஞ்சள் சுடிதார். துப்பட்டாவைக் காணோம்.

ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டார்களா? அடித்துவிட்டு நிற்காமல் போனார்களா?

இறுகிய கையைப் பிரித்தார்.

உள்ளே... ஒரு ரூபாய் நாணயம்!

பக்கத்திலிருந்த அமுதவல்லி நிகர்நிலைப் பல்கலைக்கழக விடுதியில் அடையாளம் சொன்னார்கள். பெயர் சுலோசனா. திருக்கனூர் கரும்பு விவசாயி ஒருவரின் ஒரே மகள். அந்த மனுஷனுக்கு என்னவென்று தகவல் சொல்வது?

அறைத்தோழி ஏலேன் கதறினாள்.

"அவள கொன்னவன விடாதீங்க சார்! தூக்குல போடுங்க!"

"நேத்து ராத்திரி எங்கம்மா போயிருந்தா?"

"எ... எங்கயும் போகல சார். ஒம்போது மணிக்கே வந்துட்டா. ரிஜிஸ்டர்ல பாருங்க."

பார்த்தார். ஜூலை 14, இரவு 9.00. சுலோசனா, உள்ளே. கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

அந்த ரோட்டில் ஓடும் வண்டிகளைச் சோதித்ததில் மத்தியானத்துக்குள் ஆள் சிக்கினான்! டெம்போ டிரைவர் வெற்றிச்செல்வன். அவன் சீட்டுக்கடியில் மஞ்சள் துப்பட்டா!

பளார்!

"அடிக்காதீங்க சார்! பீச்சுல பிரெஞ்சு தேசிய தின வாணவேடிக்கை பாத்துட்டு கடைசி பஸ்ஸ வுட்டுட்டேன்னு பஸ் ஸ்டாண்டுல அழுதுகிட்டு நின்னுச்சு. பத்தே முக்காலுக்கு ஹாஸ்டல் கேட்டாண்டயே எறக்கி வுட்டேன் சார்! துப்பட்டாவ மறந்துட்டு எறங்கிடுச்சு!"

"புளுகாதடா! ஒம்போதுக்கே உள்ள போன பொண்ணு ராத்திரி பஸ் ஸ்டாண்டுல எப்பிடிடா நிக்கும்?"

"எம் புள்ள மேல சத்தியம் சார்!"

ரிஜிஸ்டர் ஒரு பக்கம், பிள்ளை மேல் சத்தியம் ஒரு பக்கம். கோர்ட் எதை நம்பும்? வெற்றிச்செல்வன் கதை முடிந்த மாதிரிதான்.

ஆனால் அந்த ஒரு ரூபாய் உறுத்தியது. திரும்பப் போய்ப் பார்த்தார். அவள் கிடந்த இடத்திலிருந்து இருபதடி தூரத்தில், பெட்டிக்கடைச் சுவரில், ஒரு ரூபாய் போட்டுப் பேசும் காயின் போன்!

உள்ளே படுத்திருந்தவளுக்கு ரோட்டோர போன் எதற்கு?

ஜீப் விடுதிக்குப் பறந்தது. வாட்ச்மேன் அம்மாவாசை வேலைக்குச் சேர்ந்து நாலே நாள். பெண்களின் முகம்கூடப் பழகவில்லை.

"நேத்து ராத்திரி கேட்ட தட்டினது யாருய்யா?"



"ஒரு பொண்ணு சார்... பத்தே முக்கால் இருக்கும். 'நான்தான் சுலோசனா, தொறங்கண்ணே'ன்னுச்சு. ரிஜிஸ்டர பாத்தா சுலோசனா ஒம்போதுக்கே உள்ள வந்தாச்சு! போன மாசம்தான் வெளியாளு ஒருத்தி பேர மாத்தி சொல்லி உள்ள பூந்து செல்போன திருடிட்டாளாம். வார்டன் கண்டிப்பா சொல்லியிருந்தாங்க. ஐ.டி. கார்டு கேட்டேன். ரூம்ல இருக்குன்னுச்சு. 'போம்மா, வேற எடம் பாரு'ன்னு தொரத்திட்டேன் சார்... 'எங்கிட்ட செல்லு இல்ல, வெளிய போயி ஏலேனுக்கு போன் பண்ணி கூப்புடுறேன்'னு அழுதுகிட்டே இருட்டுல நடந்துச்சு..."

தொப்!

பின்னால் வந்து நின்றிருந்த ஏலேன் தரையில் சரிந்திருந்தாள்.

"நான்தான் சார்... அவ கையெழுத்த நான்தான் போட்டேன்!"

"ஏம்மா?"

"இங்க எல்லாரும் ஒருத்திக்கு ஒருத்தி போட்டுக்குவோம் சார். அவ வாணவேடிக்கையே பாத்ததில்லன்னா. 'நீ போ, நான் பாத்துக்கறேன்'னு நான்தான் அனுப்பி வச்சேன். திட்டு வாங்கக் கூடாதேன்னு போட்டேன் சார். காலையில பயத்துல பொய் சொல்லிட்டேன்..."

கொன்னவனைத் தூக்கில் போடச் சொன்ன அதே வாய். தெய்வசிகாமணிக்குத் திட்ட மனசு வரவில்லை. பாவி மகளே, கையெழுத்தா போட்டாய்? கேட்டையல்லவா பூட்டினாய்!

ஏட்டு முருகையனிடம் திரும்பினார்.

"வெற்றிச்செல்வன வீட்டுக்கு அனுப்பு. அடிச்ச வண்டிய தேடு."

"இந்த ரிஜிஸ்டர என்ன சார் பண்றது?"

"பத்திரமா வைய்யா. அந்தப் பொண்ணு நேரத்துக்கு வந்து சேந்தது அதுல மட்டும்தான்!"