மூத்தவளுக்கு மட்டும் ஏறும் கோடு

பூட்டிக் கிடந்த ஆய்வகத்தில், ஒன்றேகால் மணிக்குக் கோடு ஏறியிருந்தது.

இளையவள் திரையில் விரல் வைத்துக் காட்டினாள். காலையிலிருந்து தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்த பச்சைக் கோடு, எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மெல்லத் தலை தூக்கி, அரை மணி நேரம் உச்சியிலேயே நின்றிருந்தது.

"அக்கா, இது உனக்கு மட்டும்தானே ஏறும்?"

"அப்படித்தான் நீ சொல்லிக்கிட்டிருக்கே."

"நீ என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தே. அப்போ இங்க யாரு இருந்தது?"

மூத்தவள் சிரித்து வைத்தாள். "உன் பெட்டிக்கும் வயசாயிடுச்சு, விடு." தங்கையின் பெட்டி ஒரு தடவையாவது தப்பு செய்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன இனிப்பு ஊறியது. ஆனால் கதவைத் திறந்ததும் மூக்கில் பட்ட வாசம் இன்னும் போகவில்லை. சூடேறிய பம்ப் எண்ணெய், கண்ணாடி கழுவும் ஸ்பிரிட், இவற்றுக்கு அடியில் வேறொன்று: நாள் முழுக்கப் போட்டிருந்த கோட்டைக் கழற்றும்போது கழுத்துப் பட்டையிலிருந்து எழும் சோப்பும் வியர்வையும் கலந்த வாசம். அவளுடைய சொந்த வாசம். தன் வாசம் யாருக்கும் வெளியிலிருந்து வந்து மூக்கில் படுவதில்லை.

அந்தப் பெட்டிகள் சுரங்கப் பாதைகளிலும் தொழிற்சாலைச் சுவர்களிலும் தொங்கி, காற்றில் விஷவாயு கசிந்தால் காட்டிக்கொடுப்பவை. உள்ளே நகக்கண் அளவு கண்ணாடித் துண்டு. அதன் மேல், தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் துத்தநாக ஆக்சைடு படலம். காற்றில் எது கலந்தாலும் படலம் உணரும். திரையில் கோடு ஏறும். இதற்காக மூத்தவள் ஒன்பது வருடம் மாரடித்திருந்தாள். அவளுடைய படலங்கள் மழைக்காலம் வந்தால் உளறும், மாதம் ஒன்று போனால் செத்துவிடும். தங்கை வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. இயக்குநரிடம் கெஞ்சி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். தங்கை செய்த மூன்றாவது படலம் சுரங்கப் பாதையில் ஒரு வருடம் அசையாமல் நின்றது. எல்லோரும் கைராசி என்றார்கள். ஒன்பது வருடம் உழைத்தவளுக்கு ஒரு பெயரும் இல்லை.

"ஒண்ணும் சரியா வரலைன்னா உங்க தங்கச்சிகிட்ட கேட்டுப் பாருங்களேன்" என்றார் இயக்குநர் ஒரு நாள், ரொம்ப அக்கறையாக.

அந்த வாரம்தான் அது நடந்தது. இளையவள் புதுப் படலம் ஏற்றுவதற்காகக் கண்ணாடித் துண்டைக் கழுவிக் காயவைத்து மூடியிட்டு, அம்மாவின் போன் வந்ததும் வெளியே போனாள். வராந்தாவிலிருந்து அவள் சிரிப்பது கேட்டது. மூத்தவளிடம் பேசும்போது அம்மா அப்படிச் சிரிக்க வைத்ததே இல்லை. மூத்தவள் கையுறையைக் கழற்றினாள். மூடியைத் தூக்கினாள். கட்டை விரலைக் கண்ணாடியின் நடுவில் வைத்து அழுத்தினாள். விரல் பிசுக்கின் மேல் படியும் படலம், வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். மூடியைத் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

படலம் உரியவில்லை. இதுவரை எந்தப் படலமும் பிடிக்காத நுணுக்கமெல்லாம் அது பிடித்தது. கூடவே ஒரு விசித்திரம்: மூத்தவள் பக்கத்தில் வந்தால் மட்டும் விறுவிறுவென ஏறியது. இயக்குநரை நிறுத்திப் பார்த்தார்கள், காவலாளியை நிறுத்திப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. "சின்ன மேடம் பெட்டிக்குப் பெரிய மேடம் மேலதான் கண்ணு" என்றார் பம்ப் மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்துவிட்டு, குழாயடிக்குப் போய்க் கட்டை விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

பூட்டிய அறையில் கோடு ஏறிய மறுநாள், இளையவள் கண்ணெல்லாம் சிவந்து வந்தாள். பெட்டியில் கோளாறா, அறையில் கோளாறா என்று பார்க்க அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாளாம்.

"கூடத்துல வெச்சேன், கொஞ்சம் ஏறுச்சு. சமையல்கட்டுல வெச்சேன், ஒண்ணுமில்ல. என் கட்டில் பக்கத்துல கொண்டுவந்து வெச்சதும் ஒரேயடியா உச்சிக்குப் போயிடுச்சு. விடியற வரைக்கும் இறங்கவே இல்ல." சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இல்லக்கா. உண்மையைச் சொன்னா, நீ பக்கத்துல படுத்திருக்க மாதிரி இருந்துச்சு. நல்லாத் தூங்கினேன்."

"அப்புறம் கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"தெரியல. கழுத்துதான் வலிக்குது."

கழுத்தின் பின்பக்கம் லேசாகக் கன்றியிருந்தது.

"நாளைக்கு அந்தக் கண்ணாடியை மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பார்த்துடறேன்" என்றாள் இளையவள். "அதுக்குள்ள என்னதான் இருக்குன்னு தெரிஞ்சுடும்."

கட்டை விரல் ரேகை இருக்கும். வேறென்ன இருக்கும்?

மறுநாள் மதியம் மூன்றரைக்கு, இளையவள் இயக்குநர் அறைக்குப் போன நேரம் பார்த்து மூத்தவள் பெட்டியைத் திறந்தாள். இடுக்கியால் கண்ணாடித் துண்டை எடுத்து, நீர்த்த அமிலத்தில் நனைத்தாள். பத்து எண்ணுவதற்குள் படலம் கரைந்து, துண்டு தண்ணீர் போலத் தெளிந்தது. கழுவித் துடைத்து, பழைய இடத்திலேயே பொருத்தினாள். இனி கோடு வர வழியே இல்லை. படலம் தானாகச் செத்தது என்று நினைத்துக்கொள்ளட்டும். எல்லோர் படலமும்தான் சாகிறது. தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் சாய்ந்தவளுக்கு மனசு லேசாக இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது.

நாலாவது நிறுத்தத்தில் போன் அடித்தது.

"அக்கா, படலமே இல்லக்கா!" இளையவள் அழுதாள். "வெறும் கண்ணாடிதான் இருக்கு. ஆனா கோடு... கோடு ஏறிக்கிட்டே இருக்கு. எப்படிக்கா?"

"வயர் எதையாவது பிடுங்கிப் பாரு."

"எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரல் மாறியது, திடுக்கிட்டுத் திரும்பியவளின் குரல். "அட! நீ இங்கதான் இருக்கியா? தலைவலின்னு போயிட்டேன்னு மெக்கானிக் சொன்னாரே?"

"யார்கிட்ட பேசறே?"

"என்னக்கா விளையாட்டு இது, பின்னாடி நின்னுக்கிட்டே போன்ல பேசறே?"

"நான் பஸ்ல இருக்கேன்டி! வெளியே வா. அந்த அறையை விட்டு உடனே வெளியே வா!"

கொஞ்ச நேரம் பம்ப் இரைச்சல் மட்டும் கேட்டது. அதற்குள் ஒரு மூச்சு. அப்புறம், போனுக்கு மிக அருகில், மூத்தவளின் சொந்தக் குரல்.

"போனை வை."

பஸ் நிற்பதற்குள் குதித்தாள். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்று போனது. நாலு நிறுத்தம் மழையில் ஓடினாள். வாயிலில் காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பெரிய மேடம், நீங்க எப்ப வெளியே போனீங்க?"

அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள். படிகள். வராந்தா. அந்த வாசம். சோப்பும் வியர்வையும், நெஞ்சை அடைக்கும் அளவுக்கு.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தைப் பதித்தாள்.

இளையவள் நாற்காலியில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெண். அதே வெள்ளைக் கோட்டு. பாதி அவிழ்ந்த அதே கொண்டை. அழுகிற தங்கையின் தலையை அவள் நிதானமாகக் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள். இளையவள் கண்ணை மூடி அவள் வயிற்றில் சாய்ந்தாள், சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் சாய்கிற மாதிரி. என் மேல் இப்படிச் சாய்ந்து எத்தனை வருடம்! அந்த நேரத்திலும் மூத்தவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பம்ப் இரைந்தது. இளையவள் கண்ணைத் திறக்கவில்லை.

பின்னால் நின்றவள் நிமிர்ந்தாள்.

மூத்தவளுடைய முகம்தான். ஆனால் எந்தக் கண்ணாடியிலும் அவள் பார்த்திராத முகம். இத்தனை வருடம், தங்கைக்குக் கிடைத்த ஒவ்வொரு பாராட்டுக்கும் அவள் சிரித்த சிரிப்புக்குப் பின்னால் பதுங்கியிருந்த முகம். பல் தெரிந்தது. கண் இமைக்கவில்லை.

தலையைக் கோதிய விரல்கள் காதைத் தாண்டின. கழுத்துக்கு இறங்கின. சுற்றி வளைத்தன.

தங்கை இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

வராந்தாவில் சத்தமே இல்லை. கதவை அறைந்துகொண்டிருந்த கைகள் எப்போது நின்றன என்று மூத்தவளுக்குத் தெரியவில்லை. அவை உடம்போடு ஒட்டித் தொங்கின. கண்கள் மட்டும் கண்ணாடியை விட்டு அகலவில்லை. உள்ளே, ஒவ்வொரு விரலாக, அழுத்தம் கூடிக்கொண்டே போனது. தங்கையின் உதட்டில் அந்தத் தூக்கத்துச் சிரிப்பு அப்படியே இருந்தது.