இழையம்மாவின் மடி

ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த நூல் தொங்கவில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷத்து ஐப்பசி. மழை விட்ட பிற்பகல். முத்தியால்பேட்டைச் சந்தில் சேறும் ஈரச் சுண்ணாம்பும் கருவாடும் கலந்து மணத்துக்கொண்டிருக்க, முருங்கை இலைகூட அசையாத அந்தப் புழுக்கத்தில், ஒரு முழ நூல் மட்டும் கம்பியிலிருந்து கடல் பக்கமாக, அந்தரத்தில் யாரோ நுனியைப் பிடித்து இழுப்பதுபோல விறைத்து நிற்பதை அஞ்சலாட்சி பார்த்தாள்.

அவள் மகன் பக்கிரி பிள்ளைச்சாவடிக் கடலில் மூழ்கிப் போனவன். நெசவாலையில் வேலை பார்த்தவன். அவனைப் புதைத்தபோது, இழையம்மாவைக் கும்பிடும் இழைநெறிக்காரர்களின் வழக்கப்படி ஒரே நூலை இரண்டாக்கி, ஒரு பாதியை அவன் சுண்டுவிரலிலும் மறுபாதியை வீட்டு ஜன்னலிலும் கட்டினார்கள். வீட்டு நூலைத் தாய் எரித்தால்தான் இறந்தவன் இழையம்மாவின் பின்னால் நடந்து அக்கரை சேருவான்.

அஞ்சலாட்சி எரிக்கவில்லை.

நெறியின் பெரியவர் தெய்வசிகாமணி கையில் விளக்கோடு வாசலில் நின்றார்.

"இன்னிக்காவது எரிச்சுடு தங்கச்சி. புள்ள நடுவழியில நிக்கிறான்."

"கால் வலிச்சா வீட்டுக்கு வரட்டும்."

"எந்த மொகத்தோட வருவான்? போறவங்க மொகத்தை இழையம்மா வாங்கி மடியில கட்டிக்குவா. அக்கரையிலதான் திருப்பித் தருவா. நம்ம நெறியைத் தொடங்கின வாக்குக்காரர் சொல்லிட்டுப் போனது."

"அவரு பெத்து வளத்தாரா? சொல்லிட்டுப் போயிட்டாரு."

அவர் கையிலிருந்த விளக்கை ஊதி அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.

நூலைப் பிடித்தாள். ஈரம். நாக்கில் வைத்தாள். உப்பு. இழுத்தாள். ஒரு முழம்தான் இருந்தது, வந்துகொண்டே இருந்தது. உள்ளங்கையில் சுற்றச் சுற்ற, மறுமுனையில் கனம் ஏறியது. ஷிப்டுக்கு ஊதிய ஆலைச் சங்கு பாதியில் நின்றது. வாசலில் பெரியவரின் முணுமுணுப்பும் நின்றது. அவர் செருப்பு ஓடும் சத்தம்.

பிறகு சேற்றில் கால்கள்.

சளக்.

சளக்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பின்னந்தலை வந்து நின்றது. பின்னோக்கி நடந்தே வந்திருந்தான். இடது காதோரம் தறிக்கட்டை பட்ட தழும்பு. அவன்தான்.

"திரும்புடா."

திரும்பினான்.

அந்தப் பக்கமும் ஈரத் தலைமயிர்தான்.

ஒரு கை நூலை விடவில்லை. மறுகையைக் கம்பிக்கு வெளியே நீட்டி மயிரை விலக்கினாள். உள்ளேயும் மயிர். இன்னும் உள்ளேயும்.

"அம்மா."

அவன் குரல். அவனிடமிருந்து வரவில்லை. சந்து முனையிலிருந்து வந்தது. அவன் சுண்டுவிரலைச் சுற்றிய நூல் அங்கே முடியவில்லை; சந்து முனைவரை போயிருந்தது.

"குடுடி," என்றாள் அஞ்சலாட்சி, சந்து முனையைப் பார்த்து. "எம்புள்ள மொகத்தைக் குடுத்துட்டுப் போ."

கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். இழுத்தாள்.

கூரைகளைவிட உயரமான ஒருத்தி குனிந்து சந்துக்குள் நுழைந்தாள். இரண்டு கையாலும் மடியைப் பொத்திப் பிடித்திருந்தாள். நனைந்த சேலைக்குள்ளே எத்தனையோ வாய்கள் ஒன்றாகத் திறந்தன.

"அம்மா."