மைனஸ் ஒன்றரை

“யாருங்க என் கேமராவோட கண்ணைத் திருகினது?”

ஏரிக்கரை முழுவதும் கேட்கிற குரல். நீர்க்காகம் ஒன்று பயந்துபோய்ப் பறந்தது. அதைக் குறிபார்த்து வெகுநேரமாகக் குனிந்திருந்த நாலு பேர் முதுகை நிமிர்த்தி முறைத்தார்கள்.

அவள் கவலைப்படவில்லை. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத கேமரா. பெட்டியைப் பிரித்தபோது வந்த வாசனைகூட இன்னும் போகவில்லை. டீ ஊற்றிக்கொள்வதற்காக பெஞ்சில் வைத்துவிட்டுப் போனவள், திரும்பி வந்து கண்ணை வைத்தால்... ஏரி, மரம், பறவை எல்லாம் தண்ணீரில் ஊறிய சோப்பு மாதிரி கரைந்து கிடந்தன.

“நான்தான்” என்றான் ஒருவன். வெளுத்துப்போன பச்சைச் சட்டை. முழங்காலில் சேறு. முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. “புது மாடலாச்சேன்னு சும்மா எடுத்துப் பார்த்தேன். ஒண்ணுமே தெளிவாத் தெரியலை. ஓரத்துல குட்டிச் சக்கரம் ஒண்ணு இருந்துச்சு. திருகினேன். பளிச்! நியாயமா நீங்க எனக்கு நன்றி சொல்லணும்.”

“யாருக்குப் பளிச்?”

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அப்பாவின் கண்ணாடிக்கடையில் தினமும் ஊரார் கண்களை அளப்பவள் அவள். அவளிடமா இந்தக் கதை?

“சார், இது படத்தோட ஃபோகஸ் இல்லை. பார்க்கிறவங்க கண்ணுக்கு ஏத்த மாதிரி, கண்ணை வெச்சுப் பார்க்கிற ஜன்னலைச் சரிபண்ற சக்கரம். எனக்குப் பூஜ்யத்துல இருந்துச்சு. நீங்க மைனஸ் ஒன்றரைக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கீங்க. உங்க பேர் என்னன்னே எனக்குத் தெரியாது... ஆனா உங்க கண்ணோட பவர் தெரிஞ்சுபோச்சு!”

கரையே சிரித்தது. ஞாயிறுதோறும் பறவைப் படம் எடுக்க வருகிற அந்தக் குழுவின் தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வழுக்கைத் தலை வெயிலில் மின்னுவதால் அவருக்கு ‘ஃப்ளாஷ்’ சார் என்று பெயர்.

“வக்கீலே! ஊருல உள்ள படத்துக்கெல்லாம் குத்தம் சொல்லுவியே. உன் கண்ணே உனக்கு எதிரா சாட்சி சொல்லிருச்சு பாரு!”

வக்கீல் என்கிற அந்தப் பச்சைச் சட்டையும் சிரித்தான். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் ஒரு விநாடி... அவன் முகம் சுருங்கியது. தொட்டால் சுருங்குகிற இலை போல.

அதை அவள் மட்டும்தான் பார்த்தாள். பார்த்த அந்த விநாடியிலேயே, நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

கேமராவின் பொத்தான்களை அவள் கற்றுக்கொண்டாள். வெளிச்சத்தை அவன் கற்றுக்கொடுத்தான். “சூரியனை முதுகுல வெச்சுக்கிட்டு எடுத்தா பாஸ்போர்ட் போட்டோதான் வரும். பக்கவாட்டுல வாங்க. இன்னும்... இன்னும்...” என்று சொல்லிச் சொல்லியே அவளைச் சேற்றில் இறக்கிவிடுவான். செருப்பைத் தேடி இருவரும் குனிவார்கள். அவன் கண்கள் பக்கத்தில் வரும்போது... தேன் நிறம். ஓரத்தில் கறுப்பு வளையம். எத்தனையோ கண்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவளுக்கு இந்தக் கண்களை மட்டும் நேராகப் பார்க்க முடியவில்லை.

“ஏன் கண்ணாடி போட மாட்டேங்கறீங்க? நம்ம கடையில உங்களுக்குத் தள்ளுபடி உண்டு.”

“எங்கப்பா சோடாபுட்டி. ஸ்கூல்ல என்னைப் பேர் சொல்லி எவனும் கூப்பிட்டதில்லை. ‘சோடாபுட்டி மகன்’னுதான். அந்தப் பட்டத்தை நான் வாரிசாக் கேட்கலைங்க மேடம்.”

வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் ஏரிக்கரைச் சிரிப்பு திரும்பவும் காதில் கேட்டது. அதற்குப் பிறகு கண்ணாடிப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

வீட்டில் வேறு கதை. அப்பாவுக்குக் கண்ணழுத்தம். பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கி மூடிக்கொண்டே வந்தது. கதவைச் சாத்துகிற மாதிரி. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்... போனது வராது, இருப்பதும் ரொம்ப நாள் தாங்காது.

ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்த மனுஷர்! வீம்பு மட்டும் குறையவில்லை.

“கடையைப் பார்க்காம கொக்கு பின்னாடி சுத்தறே. நல்ல படமாடி எடுக்கறே?”

“பாருங்கப்பா, காட்டறேன்.”

“வீட்டுல காட்டினா நல்லாயிருக்குன்னுதான் சொல்லணும். நாலு பேர் பார்த்து ஒத்துக்கிட்டு ஹால்ல மாட்டட்டும். ஆளுயரத்துக்கு மாட்டுவாங்களாமே? வந்து பார்க்கறேன்.”

குழுவின் கண்காட்சி வருஷத்துக்கு ஒருமுறைதான். அடுத்த வருஷம் அப்பாவுக்குப் பார்வை இருக்காது. அவளுக்கு இருந்தது இந்த ஒரு வாய்ப்புதான்.

அந்தப் படமும் அமைந்தது.

பனி மூடிய காலை. ஏரி நடுவே பட்டமரம். கிளையில் இரண்டு நாரைகள். ஒன்று கூடு கட்டக் குச்சி கொண்டு வந்து நீட்டுகிறது. மற்றது கழுத்தைத் திருப்பிக்கொண்டு எங்கோ பார்க்கிறது... பார்க்காத மாதிரி பார்க்கிறது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். அடுத்த மழையில் அந்த மரம் வேரோடு சாய்ந்தது. இனி யார் நினைத்தாலும் அந்தப் படத்தை எடுக்க முடியாது.

மற்றவர்கள் எல்லாம் தங்கள் படங்களை முன்கூட்டியே குழுவின் வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். அவள் போடவில்லை. பெரிய திரையில் முதல்முறையாக அவன் பார்க்க வேண்டும். அவன் முகத்தைத் தான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை!

தேர்வு நாள். வாடகை ஹால். ஜன்னல்களை எல்லாம் சாத்தித் திரையில் ஒவ்வொரு படமாக ஓட்டினார்கள். குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு; படம் தெளிவாக இல்லை என்று ஒரே ஒருவர் கை தூக்கினாலும் படம் வெளியே. எடுத்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வாக்குவாதமும் கிடையாது.

அவன் கோர்ட்டிலிருந்து தாமதமாக வந்தான். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. மற்ற படங்களை ஏற்கனவே போனில், கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருந்தான். தலையாட்டிக்கொண்டே வந்தான்.

நாரைகள் வந்தன.

“அடடா!” என்றார் முன் வரிசையில் ஒருவர். அவள் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் கண்ணை இடுக்கினான்... இன்னும் இடுக்கினான்...

கை தூக்கினான்.

“பனி அழகு. ஆனா பறவை ஷார்ப் இல்லை. கண்ணே தெரியலை. யார் எடுத்ததா இருந்தாலும் ஸாரி.”

 அவளுக்கு வாய்வரைக்கும் வந்தது... ‘வக்கீல் சார், முன் வரிசைக்கு வந்து பாருங்க. தெரியாதது பறவையோட கண்ணு இல்லை.’ அதைச் சொல்லியிருந்தால் ஹாலே சிரித்திருக்கும். படம் சுவரில் ஏறியிருக்கும். அப்பா வந்து நின்றிருப்பார்.

சுருங்கிய அந்த முகம் நினைவுக்கு வந்தது.

சொல்லவில்லை.

“அடுத்த படம்” என்றார் ஃப்ளாஷ் சார், வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில்.

அதற்குப் பிறகு அவள் ஏரிக்குப் போகவில்லை. குழுவிலிருந்து விலகினாள். அவன் போன் செய்தான், எடுக்கவில்லை. நேரில் வந்து கேட்க அவனுக்கு ரோஷம். ‘காரணம் சொல்லாமப் போனவங்களை நான் ஏன் தேடிப் போகணும்?’ அப்பா “படம் என்னாச்சு?” என்று கேட்டதற்கு, “தேறலைப்பா” என்றாள். அன்றைக்காவது வீட்டிலேயே பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம். தோற்ற படம்தானே என்கிற ரோஷம் அவளுக்கும் இருந்தது. காட்டவில்லை.

அப்பாவின் கண்ணில் அந்தக் கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது.

மறுபடியும் மழைக்காலம். அடுத்த கண்காட்சிக்கு உதவுவதற்காக ஃப்ளாஷ் சார் வீட்டுக்குப் போனான் வக்கீல். அவருடைய லேப்டாப்பில் பழைய படங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தவன், ஒன்றில் அப்படியே நின்றான்.

மூக்கருகில் திரை. இறகு நுனியில் பனித்துளி. அதற்குள் தலைகீழாக ஏரி. குச்சியின் பட்டைகூட உரிந்து தெரிந்தது. திருப்பிக்கொண்ட கழுத்தில் அந்த மஞ்சள் கண்... ஊசிமுனை மாதிரி.

“சார், இது யார் எடுத்தது? ஏன் ஹால்ல மாட்டலை?”

ஃப்ளாஷ் சார் திரையை எட்டிப் பார்த்தார்.

“நீதானேப்பா கை தூக்கினே.”

“நானா?”

“கண்ணாடிக்கடைப் பொண்ணு எடுத்தது. அன்னிக்குத் தேர்வு முடிஞ்சதுமே உன்கிட்ட சொல்ல வந்தேன். அவதான் தடுத்துட்டா. ‘அவருக்குத் தெரியலை சார். ஒரு தடவை எல்லார் முன்னாடியும் சொல்லி, அவர் முகம் போன போக்கைப் பார்த்துட்டேன். இன்னொரு தடவை வேண்டாம்’னா. அவங்கப்பாவுக்குக் கண்ணு போறதுக்குள்ள அந்தப் படத்தைச் சுவத்துல காட்டணும்னு இருந்திருக்கா பாவம்... அது எனக்கே பின்னாடிதான் தெரியும்.”

“இப்ப அவங்கப்பாவுக்கு...?”

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

குடையை அங்கேயே மறந்துவிட்டு இறங்கினான்.

கடைக் கண்ணாடிக் கதவில் மழை வழிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கரைந்த உருவமாய் அவள். கதவைத் திறந்தான். அவள் நிமிர்ந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தக் கண்கள்! கோபத்தைத்தான் எதிர்பார்த்து வந்தான். அதில் இருந்தது களைப்பு மட்டுமே.

“கண் டெஸ்ட் பண்ணணும்” என்றான்.

“உட்காருங்க.”

கனமான சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டினாள். அது இரண்டு முறை நழுவியது. எந்த வில்லையைப் போடுவது என்று தேடவே இல்லை. நேராக எடுத்தாள். போட்டாள்.

எதிர்ச் சுவரில் எழுத்துகள் கறுகறுவென்று எழுந்து நின்றன. அவன் அவற்றைப் படிக்கவில்லை. மேஜைக்கு அந்தப்புறம் போய் நின்றுகொண்ட அவளைத்தான் பார்த்தான். அந்தத் தூரத்தில் அவள் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த நிழலை இதுவரை அவன் பார்த்ததே இல்லை.

“ஏங்க சொல்லலை? ஒரு வார்த்தை...”

“சொன்னா உங்களைப் பார்த்து எல்லாரும் சிரிப்பாங்க.”

“சிரிச்சுட்டுப் போகட்டுமே! ஒரு சிரிப்புக்காகவா உங்கப்பாவோட...”



“யாரும்மா அது?” மூலை நாற்காலியிலிருந்து குரல். அப்பா. கையில் துணி. பழக்கதோஷத்தில் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “குரல் நனைஞ்சிருக்கு. மழையில வந்தவரா?”

சட்டத்தைக் கழற்றாமலேயே அவன் எழுந்துபோய் அவர் முன்னால் மண்டியிட்டான்.

“ஐயா, உங்க பொண்ணு எடுத்த படத்தை வேண்டாம்னு சொன்னவன் நான்தான். என் கண்ணுல கோளாறு. ஒத்துக்க வீம்பு. உங்களுக்குச் சேர வேண்டியதை நான் கெடுத்துட்டேன்.”

துணி நின்றது. 

“எனக்கும்தான் வீம்பு தம்பி” என்றார் அப்பா. “வீட்டுல காட்டறேன்னுதான் சொன்னா... ஹால்ல மாட்டினாத்தான் பார்ப்பேன்னேன்.” முகத்தை அவன் குரல் வந்த பக்கம் திருப்பினார். ஒரு சாண் தள்ளி, அவன் தோளைப் பார்த்தார். “இப்ப உனக்கு நல்லாத் தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“அப்ப சொல்லு. என்ன இருக்கு அதுல?”

போனை எடுத்தான். ஃப்ளாஷ் சாரிடம் வாங்கி வந்த படம். ஊரார் படங்களில் எதை வெட்டலாம் என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய், முதல்முறையாக ஓரத்திலிருந்து ஆரம்பித்தது. பனியைச் சொன்னான். பட்டமரத்தைச் சொன்னான். பனித்துளிக்குள் கவிழ்ந்திருந்த ஏரியைச் சொன்னான்.

“ரெண்டு நாரைங்க. ஒண்ணு குச்சியை நீட்டிக்கிட்டு நிக்குது. மத்தது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டிருக்கு. முன்னாடி நிக்கறது ஒரு முட்டாளுங்க ஐயா. எத்தனையோ ஞாயித்துக்கிழமை பக்கத்துலயே இருந்துட்டு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, நீங்க இல்லாம ஏரிக்குப் போகவே பிடிக்கலைன்னு சொல்லத் தெரியாத முட்டாள்.”

மேஜையருகே ஒரு வில்லைப்பெட்டி டக்கென்று மூடிக்கொண்டது.

அப்பாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. “அது சரி. அந்த மத்தது... குச்சியை வாங்கிக்குதா இல்லையா?”

“படத்துல இல்லைங்க. அதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க.”

மழை கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருந்தது. அவள் வந்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. எதிரில் இருக்கிறவனுக்கு மட்டும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

“வாங்கிக்கிச்சுப்பா” என்றாள். “நான் கேமராவை இறக்கினப்புறம்தான்... ஆனா வாங்கிக்கிச்சு.”

அப்பா தலையாட்டினார். எதையோ பார்த்துவிட்டவர் போல... படம் இல்லாத சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.