ஊமைக் குழல்

சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணி. ப்ரூன்ஹாஃபன் துறைமுக ஊரின் பெரிய தேவாலயத்தில், ஆர்கன் மாடத்து அலமாரி காலியாகக் கிடந்தது. நகர ஆர்கன் கலைஞர் ஹாகடோர்ன் பத்தொன்பது வருடம் எழுதிய இரங்கல் இசையின் ஒரே பிரதியைக் காணோம். அடுத்த வாரம் தலைநகரிலிருந்து வாத்தியக்காரர்கள் வந்து அதை அரங்கேற்றுவதாக இருந்தது.

அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று ஹாகடோர்னிடம். மற்றது, ஆர்கனுக்குக் காற்று கொடுக்கத் துருத்தி மிதிக்கும் யோகிமிடம். அப்புறம் என்ன? இன்ஸ்பெக்டர் கார்ஸ்டென்ஸ் யோகிமைப் பிடித்து உள்ளே தள்ளினார், தேவாலயத்தைப் பூட்டி முத்திரை வைத்தார். திங்கட்கிழமை மாவட்டச் சிறைக்கு அனுப்பிவிடுவார்களாம். இளைத்தவன் தலையில்தானே எதுவும் விடியும்.

ஞாயிறு காலை முத்திரையைப் பிரித்ததும் சபையார் உள்ளே வந்தார்கள். ஹாகடோர்ன் நேராக மாடமேறி உட்கார்ந்தார். யோகிமின் இடத்தில் ஒரு போலீஸ்காரன் நின்று துருத்தி மிதித்தான். முதல் பாட்டே வழக்கத்தைவிட ஒரு படி உயர்ந்த சுருதியில் கிளம்பியது. பாடகர் குழுவில் ஆண்களின் தொண்டை கிழிந்தது. பாவம், மனசு சரியில்லை என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

மருந்துக்கடைக்காரரின் விதவை தோரத்தேயும் அந்தக் குழுவில்தான் பாடுகிறாள். அவளுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. மதியம் எதிர் நாற்காலி காலியாக இருக்க, பட்டாணி சூப்பை ஆறவிட்டு யோசித்தாள். சொல்லிப் பார்க்க வீட்டில் ஆளில்லை. எழுந்து இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"அந்தப் பாட்டை முப்பது வருஷமா ஒரே சுருதியிலதான் வாசிக்கிறார். இன்னிக்கு ஏன் ஏத்தினார்?"

"பறிகொடுத்த துக்கம்மா."

"துக்கத்துல சுருதி இறங்கும். ஏறாது. என்கூட வாங்க."

மணி மூன்று. போலீஸ்காரனைத் துருத்தியறைக்கு அனுப்பிவிட்டு, தோரத்தே ஆர்கன் பலகையில் உட்கார்ந்து பக்கத்துக் குமிழை இழுத்தாள். சுவருக்குப் பின்னால் மணி அடித்தது. மிதி என்று அர்த்தம். காற்று வந்தது. காலடிக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினாள். முதலாவது உறுமியது. இரண்டாவதும் உறுமியது. மூன்றாவதில் வெறும் பெருமூச்சு.

அந்தக் கட்டைக்குரிய மரக்குழல் ஆளுயரத்துக்கு மேல். அதன் வாய்க்குள் கார்ஸ்டென்ஸ் கையை விட்டார். சுருட்டிய காகிதக் கட்டு ஒன்று வெளியே வந்தது.

ஆளனுப்பி ஹாகடோர்னை வரவழைத்தார்கள். காகிதத்தைப் பார்த்ததும் அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தோரத்தே சொன்னாள்: "நேத்துலேர்ந்து கோவில் பூட்டிக் கிடந்துச்சு. காலையில வந்தீங்க, அந்தக் கட்டையை மிதிச்சுக்கூடப் பாக்கலை. பழைய சுருதின்னா அடிக்கடி அதுலதான் கால் விழும். ஒரு படி ஏத்தினா அது வேண்டவே வேண்டாம். அது ஊமைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒளிச்சு வெச்சவருக்குத்தான் தெரியும்."

சொந்தப் பொருளை எவனாவது திருடுவானா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஹாகடோர்ன் காகிதச் சுருளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "என் மனைவி செத்துப்போன வாரத்துல ஆரம்பிச்சது அது. சாயங்காலம் ஆனா அதுக்காகத்தான் இங்க வருவேன். அரங்கேறிட்டா மறுநாள் சாயங்காலம் நான் எங்க போறது? எரிக்கவும் மனசு வரலை." "பத்தொன்பது வருஷம், அம்மா. இந்தப் பலகையில தன்னந்தனியா."

அப்படிப்பட்ட சாயங்காலங்கள் தோரத்தேக்கும் தெரியும். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"தன்னந்தனியாவா? அப்போ காத்து யார் குடுத்தாங்க?"

ஹாகடோர்ன் திரும்பிக் குமிழைப் பார்த்தார். இழுப்பார், மணி அடிக்கும், காற்று வரும். பாட்டு முடிந்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் வியர்க்க வியர்க்க நின்று அந்த இசையின் ஒவ்வோர் அடியையும் கேட்டிருக்கிறான் என்பது இதுவரை அவருக்கு உறைக்கவே இல்லை. இருந்த ஒரே துணையைத்தான் ஓர் இரவு முழுக்கக் கொட்டடியில் போட்டு வைத்திருந்தார்.

பனியில் தலையில் தொப்பிகூட இல்லாமல் காவல் நிலையத்துக்கு அவரே நடந்தார். கார்ஸ்டென்ஸ் கதவைத் திறந்துவிட்டார். யோகிம் பலகையில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தான்.

"யோகிம்," என்றார் ஹாகடோர்ன்.

யோகிம் எழுந்திருக்கவில்லை. "எதுக்கு ஐயா இவ்வளவு தூரம்?" என்றான். "மணி அடிச்சிருந்தா நானே வந்திருப்பேனே."